பொங்கல் பானையில் பால் ஏன் பொங்குகிறது, வெல்லத்தை எப்போது போடுவது?

தைப் பொங்கலன்று பால் பொங்கி வழிந்தால் அந்த ஆண்டு வீடும் வயலும் செழிக்கும் என்பது நம்பிக்கை. அதே பானையில் வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் இப்படி ஏறி வழியாது. பொங்க வைப்பது பாலிலுள்ள புரதம்.

சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பால்புரதங்களில் ஒரு பகுதி சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாக ஆக, புரதமும் கொழுப்பும் செறிந்து ஆடை படிகிறது. அடியிலிருந்து கிளம்பும் நீராவிக் குமிழிகளைப் புரதப் படலம் போர்த்தியிருப்பதால் அவை மேலே வந்தும் சட்டென்று உடைவதில்லை; ஆடையும் மூடிபோல் தடுக்கிறது. பின்னால் வரும் குமிழிகள் முட்டித் தள்ள, நுரை ஏறுகிறது. கொழுப்பு நீக்கிய பாலும் பொங்குவது இதனால்தான். அகன்ற வயிற்றில் பிறந்த நுரை குறுகிய கழுத்துக்குள் வந்ததும் விறுவிறுவென உயரும். பொங்கல் பானையின் வடிவம் அத்தனை பொருத்தமானது.

பால் பொங்கவில்லை என்றால் பெரும்பாலும் தீ போதவில்லை: நுரை ஏறும் வேகத்திலேயே அடங்கிவிடுகிறது. காய்ந்த பனையோலை, தென்னம்பாளை போன்றவை குப்பென்று எரிவதால் அந்த நேரத்துக்கு ஏற்றவை. பானை கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். பாலோடு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைச் சேர்ப்பது நல்ல வழக்கம். அதிலுள்ள மாவுப்பொருள் நீரைச் சற்றுக் கெட்டியாக்கி நுரையைத் தாங்கும். பொங்கும்வரை கரண்டியால் கிளறக் கூடாது, ஆடை கிழிந்துவிடும். எந்தத் திசையில் வழிகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். பானை எந்தப் பக்கம் துளி சாய்ந்திருக்கிறதோ, தீ எந்தப் பக்கம் ஓங்குகிறதோ, அதைப் பொறுத்தது அது.

பொங்கியதும் அதிகப்படி நீரை முகந்து எடுத்துவிட்டு அரிசியைப் போட வேண்டும். 1 டம்ளர் பச்சரிசிக்கு வாசம் வர வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளர். பாலும் நீருமாக 5 டம்ளர். முகந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், இடையில் வற்றினால் ஊற்ற உதவும்.

சர்க்கரைப் பொங்கல் கெடுவது பெரும்பாலும் வெல்லத்தை அவசரப்பட்டுப் போடுவதால்தான். அரிசி குழைய அதன் மாவுப்பொருள் நீரை உறிஞ்சி வீங்க வேண்டும். வெல்லம் முன்பே விழுந்தால் அது நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அரிசி நடுவில் விறைப்பாகவே நிற்கும். வெல்லத்தில் இலேசான புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. கொதிக்கும் பாலில் நேரடியாகப் போட்டால் பாலின் முக்கியப் புரதமான கேசீன் திரண்டு பால் திரிந்துபோகலாம்.

பருக்கையை விரலிடுக்கில் நசுக்கினால் கட்டியே இல்லாமல் மசிய வேண்டும். அதன் பிறகு தீயைத் தணித்து, ஒன்றரை டம்ளர் பொடித்த வெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். கரைந்தால் போதும். கம்பிப் பாகு வரை காய்ச்சினால் ஆறியதும் பொங்கல் கெட்டியாகிவிடும். கால் டம்ளர் நெய்யைப் பாதி இப்போதும், மீதியை முந்திரி, திராட்சை வறுத்தும் சேர்க்கலாம். ஏலக்காய் 4, பச்சைக் கற்பூரம் மிளகளவுக்கும் குறைவாக, கூடினால் கசக்கும்.

ஆறிய பொங்கல் இறுகுவது இயல்பு, மாவுப்பொருள் மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்கிறது. கொஞ்சம் சூடான பால் தெளித்து, மூடி, சிறுதீயில் வைத்தால் இளகிவிடும்.