பித்தநாள அடைப்பு: பார்ப்பது ஒரு வேலை, திறப்பது வேறு வேலை

கண்ணில் மஞ்சள், சிறுநீரில் அடர் பழுப்பு, மலமோ வெளுத்த களிமண் நிறம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவரின் சந்தேகம் முதலில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பித்தநாளத்தின் மேல்தான் விழும். மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தநீரில் வரும் பிலிரூபின் என்ற நிறமி. பாதை அடைபட்டால் அது குடலுக்குப் போகாமல் ரத்தத்தில் தேங்கித் தோலிலும் சிறுநீரிலும் ஏறிவிடுகிறது. அரிப்பும் பாடாய்ப் படுத்தும்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீர் சுரக்கிறது. அது இறங்கும் பொதுப் பித்தநாளத்தின் அகலமோ ஏறத்தாழ 6 மி.மீ. தான். பித்தப்பையிலிருந்து நழுவி வந்த ஒரு சிறு கல் போதும் அதை அடைக்க. கணையத் தலைப்பகுதியில் வரும் கட்டி வெளியிலிருந்து நெரிக்கலாம். நாளத்திலேயே புற்று வரலாம். பழைய அறுவையின் தழும்பும் சுருக்கலாம்.

முதல் சோதனை அல்ட்ராசவுண்ட். நாளம் வீங்கியிருக்கிறதா என்பதை நன்றாகவே சொல்லிவிடும். ஆனால் கல் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது நாளத்தின் கீழ்முனையில்; அங்கே குடல் வாயு ஒலியலைகளை மறித்துவிடும். சி.டி. ஸ்கேன் கட்டியையும் அதன் பரவலையும் காட்டுவதில் கெட்டி. ஆனால் கொழுப்புக் கற்கள் பல அதில் பித்தநீரின் அடர்த்தியிலேயே தெரிவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ‘ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு?’ என்ற எரிச்சலுக்குப் பதில் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி, பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. காந்தப்புலத்துக்குள் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தூண்டினால் அவை பதில் சமிக்ஞை தரும். தசை, கல்லீரல் போன்ற திசுக்களின் சமிக்ஞை சட்டென்று மங்கும். அசையாமல் கிடக்கும் திரவத்தின் சமிக்ஞை நீடிக்கும். ஆகவே வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துப் பதிவு செய்கிறார்கள். சுற்றியுள்ள சதையெல்லாம் இருளில் அமிழ்ந்துபோக, பித்தநாளம் மட்டும் இலையுதிர்ந்த மரம்போல வெள்ளையாக நிற்கும். கல் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அதற்கும் தப்பும் பொடிக்கற்களை, நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப் (வாய்வழியே உள்ளே விடும் கேமராக் குழாய்) பிடித்துவிடும். நாளத்தை ஒட்டியே நிற்கும் முன்சிறுகுடலுக்குள் இருந்து பார்ப்பதால் இடையில் வாயுத் தொல்லை குறைவு. கட்டி தெரிந்தால் அங்கேயே ஊசியால் சதைத்துணுக்கும் எடுக்கலாம்.

இதுவரை பார்த்தது மட்டும்தான். திறப்பதற்கு, எண்டோஸ்கோப் வழியே நாளத்துக்குள் நுழையும் இ.ஆர்.சி.பி. வேண்டும். நாளத்தின் வாய் முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் ஒரு சிறு மொட்டாக இருக்கிறது. நேர்ப்பார்வைக் குழாய் அதைச் சரியாகப் பார்க்காமலே கடந்துவிடும் என்பதால் இதற்கான எண்டோஸ்கோப்பின் கண் பக்கவாட்டில் இருக்கும். அதன் வழியே மெல்லிய குழாயை மொட்டுக்குள் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைப் பாய்ச்சிப் படம் பார்ப்பார்கள். 1968இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மெக்கியூன் குழுவினர் இதை முதலில் செய்தபோது நோக்கம் படம் மட்டுமே. 1974இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் மின்கம்பியால் அந்த வாயைக் கீறி விரிக்கக் கற்றார்கள். அதன்பின் கல்லைப் பலூனாலோ கூடைக்கம்பியாலோ வயிற்றைக் கிழிக்காமல் இழுத்து வெளியே விட முடிந்தது. பெரிய கல்லை உள்ளேயே நொறுக்குவதும் உண்டு.

ஆனால் கணைய நாளமும் அதே மொட்டில்தான் திறக்கிறது. அது சீண்டப்பட்டால் கணைய அழற்சி வரலாம். நூற்றில் சிலருக்கு வரவும் செய்கிறது. அதைக் குறைக்க ஆசனவாய் வழியே இண்டோமெத்தசின் மருந்து வைப்பார்கள். வெறும் படத்துக்காக இன்று யாரும் இ.ஆர்.சி.பி.யை நாடாததற்கு இந்த அபாயமே காரணம்.

கட்டி நெரித்த நாளத்தில், பாதையைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் சுமார் 3 மி.மீ. அகலம், மூன்று மாதம்போல ஆனால் படிவு சேர்ந்து அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். உள்ளே தானே விரியும் உலோக வலை 10 மி.மீ. வரை அகலும், நீண்ட நாள் நிற்கும். குடல் வழி எட்டாவிட்டால் விலா இடுக்கில் ஊசி செலுத்தி, கல்லீரல் வழியே பித்தநீரை வடிக்கலாம்.

காமாலையுடன் குளிர்நடுக்கக் காய்ச்சலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள். அப்போது ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டு, தாமதிக்காமல் வடிக்க வேண்டும். எல்லாக் கல்லையும் அன்றே எடுக்க மெனக்கெடாமல் ஒரு ஸ்டென்டை மட்டும் வைத்துவிட்டு வெளியே வருவதும் உண்டு. மிச்சக் கல் இன்னொரு நாள்.