கடல் நிறத்துக்கு எவ்வளவு உப்பு?

சம்மர் கலெக்‌ஷன் என்று பேச்செடுத்தாலே பையர் (ஆர்டர் கொடுக்கும் நிறுவனம்) அனுப்பும் மூட் போர்டில், அதாவது டிசைனுக்கு முன்மாதிரியான படத் தொகுப்பில், கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பவளப்பாறை, ஜெல்லி மீன், அலை நுரை, கூடவே ‘கடலைக் காப்போம்’ என்று நெஞ்சில் ஒரு வாசகம். திருப்பூரில் பின்னலாடை வடிவமைக்கும் எனக்கு இந்தத் தீம் பிடிக்காமல் இல்லை. 2009 அக்டோபரில் பாரிஸில் பிரிட்டிஷ் டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீன் காட்டிய ‘பிளேட்டோஸ் அட்லாண்டிஸ்’ கலெக்‌ஷனை இன்றும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். பனி உருகிக் கடல் ஏறி, மனிதன் மறுபடியும் நீருக்குள் போய்விடுவதாக ஒரு கற்பனை. அபாரமான வேலை. ஆனால் கடலைப் பற்றிய உடை கடலுக்கு என்ன செய்கிறது என்பது பிரிண்டைப் பார்த்தால் தெரியாது. சாயப்பட்டறைக்குப் போனால்தான் தெரியும்.

டர்காய்ஸ் ப்ளூவையே எடுத்துக்கொள்வோம். மாலத்தீவு விளம்பரத்தில் பார்க்கிற பளிச் நீலப்பச்சை. பருத்தியில் அந்தப் பளிச்சைக் கொண்டுவரும் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டுவது) பெரும்பாலும் செம்பு கலந்த தாலோசயனின் என்ற வேதிப்பொருள் வகை. மூலக்கூறு பெரியது, இழைக்குள் லேசில் இறங்காது. மற்ற பல சாயங்கள் 60 டிகிரியில் ஏறிவிடும். இதற்கு 80 டிகிரி வரை சூடு வேண்டும். அப்படியும் போட்ட சாயத்தில் கணிசமான பங்கு துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். அலச அலச நீலம் வந்துகொண்டே இருக்கும். டர்காய்ஸ் ஆர்டர் என்றதும் டையிங் மாஸ்டர் முகம் சுளிப்பது சும்மா இல்லை.

அப்புறம் உப்பு. தண்ணீரில் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு போட்டாக வேண்டும். அடர்த்தியான ஷேடு என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். ஆக, கடல் நிறம் ஏறுகிற தண்ணீர் கடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கரிக்கும். 100 கிலோ துணிக்கு 600 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 48 கிலோ உப்பு. ஒரு டீ-சர்ட்டில் 200 கிராம் துணி என்றால், அதற்கு மட்டும் கிட்டத்தட்ட 100 கிராம். துணி அலசி முடிந்ததும் அவ்வளவு உப்பும் கழிவு நீரோடு போய்விடும்.

போய் எங்கே சேரும் என்பதை எங்கள் ஊர் கண்ணால் பார்த்தது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது, காவிரி பூம்புகாரில் கடலில் கலக்கிறது. நடுவில் நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. உப்பேறிய நிலத்தில் பயிர் வரவில்லை. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று கழிவு நீரைச் சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்பது விதி. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆவியாக்க எரிபொருள் வேண்டும். பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. அதற்கு இன்னும் சரியான வழி பிறக்கவில்லை.

சரி, பருத்தியே வேண்டாம், பெட் பாட்டிலை உருக்கிச் செய்த பாலியஸ்டரில் போடலாமே என்பார்கள். பாட்டில் குப்பைமேட்டுக்குப் போகாமல் நூலாவது நல்லதுதான். ஆனால் ‘கடல் பிளாஸ்டிக்’ என்று டேக் தொங்கினால் உடனே நம்பிவிட வேண்டாம். கடலோரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் நிலத்தில் பொறுக்கிய பாட்டிலையும் ‘கடலுக்குப் போகவிருந்த பிளாஸ்டிக்’ என்ற பெயரில் விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதோடு மறுசுழற்சி பாலியஸ்டரும் பாலியஸ்டர்தான், துவைத்தால் இழை உதிரும். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ பாலியஸ்டர் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் ஏறக்குறைய 5 லட்சம் நுண்ணிழைகள் உதிரலாம் என்று கணக்கிட்டார்கள். அக்ரிலிக்கில் 7 லட்சத்துக்கும் மேல். ஆமைப் படம் போட்ட ஃபிளீஸ் ஜாக்கெட் என்று ஒன்று உண்டு. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். கையில் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத் துணியின் மேல்பரப்பைப் பிரஷ்ஷால் கீறிக் கீறி இழையைக் கிளப்பிவிட்டுத்தான் ஃபிளீஸ் செய்கிறார்கள். அவ்வளவும் உதிரத் தயாராக நிற்கும் இழை.

டிசைன் டேபிளில் இருந்தபடியே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பாலியஸ்டர்தான் என்று முடிவானால், துண்டு துண்டான இழைகளை முறுக்கிய நூலைவிட, அறுபடாத நீள இழைகளால் ஆன தொடர் இழை நூலாக எடுங்கள். நெருக்கமாகப் பின்னச் சொல்லுங்கள், பிரஷ்ஷிங் வேண்டாம். கடல்கன்னி கவுன் என்றால் சீக்வின் இல்லாமல் முடியாது என்ற பிடிவாதத்தையும் விடலாம். பளபளக்கும் அந்த வட்டங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டியவை. மடிப்பிலும் பின்னல் அமைப்பிலுமே செதிலைக் கொண்டுவர முடியும், ஒரு நல்ல பேட்டர்ன் மாஸ்டர் கிடைத்தால்.

பருத்தியில் எனக்கு முதல் கேள்வி நிறம்தான். கடல் என்றால் டர்காய்ஸ் என்று யார் சொன்னது? நம் வங்கக் கடலை ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். ஆறு கொண்டுவந்த மண் கலந்து பழுப்பும் பச்சையுமாக இருக்கும். மார்கழி விடியலில் சாம்பல். இந்த மங்கல் நிறங்களுக்குச் செம்புச் சாயம் தேவையில்லை. இழையைப் பிடிக்க இரண்டு பிடி உள்ளதால் நன்றாக ஒட்டும் இரட்டை வினைக்குழுச் சாயங்களிலேயே எடுத்துவிடலாம், அலசும் குறையும். ஷேடு வெளிர ஆக உப்பும் இறங்கும். ப்ளீச் செய்யாத பருத்தியின் இயல்பு நிறத்தையே மணலாக விட்டுவிட்டால் அந்தப் பகுதிக்குச் சாயமே வேண்டாம். பையர் டர்காய்ஸ்தான் வேண்டும் என்று நின்றால், உடம்பு முழுக்க இல்லாமல் கழுத்துப் பட்டையிலும் பைப்பிங் எனும் விளிம்புப் பட்டியிலும் மட்டும் வைத்துக்கொடுங்கள். பாதிப் பேர் அதையே ஒப்புக்கொள்கிறார்கள்.

துணியைச் சாயக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, சூடில்லாமல் சுருட்டி வைத்து, உப்பே போடாமல் சாயமேற்றும் கோல்டு பேட் பேட்ச் முறையும் உண்டு. பின்னல் துணி இழுபட்டுவிடும் என்று பல பட்டறைகள் தயங்குகின்றன, அதற்கேற்ற மெஷின் வைத்திருப்பவர்கள் செய்கிறார்கள். லேப் டிப் ஸ்வாட்ச் (ஆய்வகத்தில் சோதனைக்குச் சாயமேற்றிய துண்டுத் துணி) வரும்போது நிறம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்காமல் ரெசிப்பியையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சாயம், லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை அலசு என்று அதில் இருக்கும். சாம்பிள் நிலையில் ஷேடை மாற்றுவது ஒரு போன் காலில் முடிகிற வேலை, துணி டையிங்குக்கு ஏறிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.