நாற்பது குதிரைவலுப் படகு எஞ்சின் பழகிப்போவது ஏன்?

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றில் முதல் வாளி தலையில் விழும்போது உடம்பு சிலிர்க்கும். ஐந்தாவது வாளிக்கு அந்தச் சூடு தெரியாது. பக்கத்துக் கிணற்றுக்குப் போனால் மறுபடி உறைக்கும், ஏழு கிணறுகளுக்கும் வெப்பம் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுவதால். முதல் கிணற்றுத் தண்ணீர் ஆறிவிடவில்லை. தோல்தான் அதை ‘வழக்கம்’ என்று எழுதிவிட்டு மேற்கொண்டு சொல்வதை நிறுத்திக்கொண்டது.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். மூன்று பேசின் எடுங்கள். ஒன்றில் 40 பாகை செல்சியஸ் அளவில் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர். இடக்கையைச் சூட்டிலும் வலக்கையைக் குளிரிலும் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுப் பேசினுக்குள் விடுங்கள். ஒரே தண்ணீர் இடக்கைக்குக் குளிரும், வலக்கைக்குச் சுடும். சரிவராவிட்டால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். அரை நிமிடத்தில் கையை எடுத்தால் தோல் பழகியிருக்காது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் எழுதிவைத்த சோதனை இது.

மகிழ்ச்சியையும் மூளை இப்படித்தான் அளக்கிறது: எவ்வளவு இருக்கிறது என்பதை விட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் நுண்மின்முனை வைத்து டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நேரத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997இல் டயான், மொன்டேகு ஆகியோருடன் சேர்ந்து அவர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்: கிடைத்தது கழித்தல் எதிர்பார்த்தது.

இந்தக் கழித்தலை நிலாவெளிக் கரையில் போட்டுப் பார்ப்போம். 15 குதிரைவலுப் படகு எஞ்சின் வைத்திருந்த மீனவர் லீசிங்கில் 40 குதிரை வாங்குகிறார். முதல் வாரம் புறாமலைத் தீவைத் தாண்டி ஓடிவருவதே கொண்டாட்டம். மாதங்கள் போனால் அது வெறும் வேகம். மண்ணெண்ணெய்ச் செலவும் லீசிங் தவணையும் மட்டும் அப்படியே நிற்கும். எஞ்சின் பழுதாகி இரவல் 15 குதிரையோடு போக வேண்டிவந்தால், ஒருகாலத்தில் குறையாகத் தெரியாத அந்த வேகம் இப்போது ஊர்வதுபோல் எரிச்சலூட்டும்.

பேராசை இங்கேதான் நுழைகிறது. மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் எலிகளில் கண்டது, ‘வேணும்’ என்பதும் ‘நல்லாயிருக்கு’ என்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று. டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலி, பக்கத்தில் உணவு இருந்தும் தேடிப் போவதில்லை, ஊட்டாவிட்டால் செத்துப்போகும். அதே எலியின் வாயில் இனிப்பு நீர் விட்டால் வழக்கம்போல் உதட்டை நக்கும். டோபமினைக் கூட்டினாலோ தேடல் பெருகும், சுவை பெருகாது. 60 குதிரைக்கு ஏங்குபவருக்கு அது 40ஐ விட அதிகம் இனிக்கும் என்று மூளை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பக்கத்துப் படகும் எஞ்சினை மாற்றிவிட்டால் ஒப்பிடும் அளவுகோலும் சேர்ந்து உயரும், அது தனித் தொல்லை.

அப்படியானால் திருப்தி? அது அந்த ‘வழக்கம்’ என்ற எல்லைக்கோட்டைக் கையாளும் வேலை. மூதூர்த் தயிர்ச் சட்டியைத் தினமும் திறந்தால் நாலாம் நாளே அது சாதாரணத் தயிர். கிழமைக்கு ஒருநாள் பாணி விட்டுச் சாப்பிட்டால் புளிப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரியும். ஆய்வாளர்கள் நெல்சனும் மெய்விசும் 2008இல் காட்டியது இதற்கு உறவு: உடம்பு பிடித்துவிடுவதை (மசாஜ்) நடுவில் நிறுத்தித் தொடர்ந்தபோது ஆட்கள் அதை அதிகம் ரசித்தார்கள். நன்றிக்குரியவற்றை எழுதிவைக்கும் பழக்கத்துக்கும் இந்த விதி பொருந்துகிறது. உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆறு வார ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே மகிழ்ச்சி கூடியது, மூன்றுமுறை எழுதியவர்களுக்கு இல்லை. திருப்திகூடப் பழகிச் சலித்துவிடும்!

ஒரு எச்சரிக்கை. 1978இல் பிரிக்மன் குழுவினர் 22 லொத்தர் வெற்றியாளர்களைக் கேட்டு, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழவில்லை என்றார்கள். இந்தச் சின்ன ஆய்வை வைத்து ‘காசால் பயனில்லை’ என்று பேசுவது பலருக்குப் பிடித்த வேலை. சுவீடனில் 2020இல் வந்த மிகப் பெரிய ஆய்வு, பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல ஆண்டுகளுக்குப் பிறகும் கூடியே இருந்ததைக் காட்டியது. நகை அடகில் கிடக்கும் வீட்டுக்குப் போய்த் திருப்தியைப் போதிப்பது அறிவியல் ஆகாது.

எஞ்சின் மாற்ற நினைப்பவர் முதலில் இரண்டு கிழமை பெரிய எஞ்சினை இரவல் வாங்கி ஓடிப் பார்க்கலாம். முதல் மூன்று நாள் உணர்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது கன்னியாவின் முதல் வாளி. பத்தாம் நாளும் வேகம் உறைக்கிறதா, அதனால் வலையில் மீன் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் செலவு மண்ணெண்ணெய் மட்டும்.