கழுத்துக் கட்டியில் ஊசி குத்தினால் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது, தயவுசெய்து நம்புங்கள்

இந்த வாரமும் ஒருவர். ஐம்பதைத் தாண்டிய அம்மா, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசையில் 3 செ.மீ. கட்டி, பத்தே நாளில் வளர்ந்தது. "ஊசி வெச்சா பரவிடும்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் ஐந்து வாரம் பரிசோதனையே இல்லை. அதற்குள் சுளுக்கு எடுப்பவரிடம் போயாச்சு, மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கியாச்சு, வீட்டில் புற்றுநோய் என்றே முடிவுகட்டி அழுதும் ஆச்சு. கடைசியில் திசு, நோயியல் மருத்துவரான என் மேசைக்கு வந்தது: புரோலிபரேட்டிவ் மயோசைட்டிஸ். புற்றுநோய் இல்லை.

அரிதான ஒன்றுதான் இது, 1960-ல்தான் தனி நோயாக விவரித்தார்கள். தசைக்குள் திடீரென்று வளரும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வற்றும். ஆனால் வளரும் வேகத்தையும், மைக்ராஸ்கோப்பில் நரம்பு செல் மாதிரி தெரியும் பெரிய செல்களையும் பார்த்து சார்கோமா (தசை, எலும்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) என்று எழுதிவிட ரொம்ப வாய்ப்பு உண்டு. தசை இழைகள் அழியாமல் சதுரங்கக் கட்டம் போல இடையிடையே நிற்பதுதான் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும், நல்ல அல்ட்ராசவுண்டிலேயே அது தெரியலாம். (சக மருத்துவர்களே, படிவத்தில் 'கழுத்து வீக்கம்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். 'பத்து நாளில் வளர்ந்தது' என்ற ஒரு வரி இருந்தால் எங்கள் யோசனையே வேறு திசையில் போகும்.)

சரி, அந்தப் பரவும் கதைக்கு வருவோம். எஃப்.என்.ஏ.சி.க்கு (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) போடுவது ரத்தம் எடுக்கும் ஊசியளவோ அதைவிட மெல்லியதோதான். கழுத்துக் கட்டியில் அதன் வழியாக நோய் பரவுவது மிக மிக அரிது. பிறகு ஏன் எல்லோரும் பார்த்ததாகவே சொல்கிறார்கள்? பயந்து பயந்து ஆறேழு மாதம் கழித்து வருகிறார்கள், அதற்குள் நோய் பரவியிருக்கிறது, ஊசி போட்ட அடுத்த மாதம் நிலைமை மோசமாகிறது, பழி ஊசி மேல். தள்ளிப்போட்ட மாதங்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மெல்லிய ஊசியில் முடிவு தெளிவாகாமல் கொஞ்சம் பெரிய ஊசியில் திசு எடுக்கச் சொன்னால் அதற்கும் சம்மதியுங்கள், தசைக் கட்டிகளுக்குப் பல நேரம் அதுதான் பதில் தரும்.

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கட்டி இருந்தால் காட்டுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாக விழுங்காதீர்கள், லிம்போமாவாக (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) இருந்தால் தற்காலிகமாகச் சுருங்கி எங்களையும் ஏமாற்றிவிடும். கழுத்தில் கட்டி என்றாலே டி.பி. என்று, பரிசோதிக்க வழி இருந்தும் பரிசோதிக்காமல், ஆறு மாத மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள். தசைக்குள் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டியும் வரும், பன்றிக்கறி தொடாதவர்களுக்கும்தான், அந்தப் புழுவின் முட்டை கலந்த தண்ணீரும் கழுவாத கீரையும் போதும். புகையிலைப் பழக்கம், குரல் மாற்றம், விழுங்கச் சிரமம் இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் கைக்குழந்தைகள். பிறந்து சில வாரத்தில் கழுத்துத் தசையில் கெட்டியாக ஒன்று தென்பட்டு, தலை ஒருபக்கம் சாய்ந்தால், அது பெரும்பாலும் ஃபைப்ரோமடோசிஸ் கோலை, புற்றுநோய் அல்லாத ஒரு தசைத் தடிப்பு. அல்ட்ராசவுண்டும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியுமே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும், பல மாதங்களில் கரையும். குளிப்பாட்டும் பாட்டியிடம் அதை நீவிவிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள் அம்மா.

வேறு மருத்துவமனைக்குப் போவதானால் ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடையும் (திசு ஒட்டிய கண்ணாடித் தகடு) பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.