ராஜபாளையமா, சிப்பிப்பாறையா? நாயைப் பார்க்கும் முன் வேலியைப் பாருங்கள்

நாட்டு நாய்தான் வளர்ப்பேன் என்று வருகிறவர்களைப் பார்த்தால் ஒரு கால்நடை மருத்துவராக எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். இப்போது ஓசூரிலிருந்து அரூர் வரை ஆசைப்பட்டுக் கேட்கிறவர்கள் நிறைய. ஆனால் எல்லோரும் கேட்பது, "சார், ராஜபாளையம், சிப்பிப்பாறை ரெண்டுல எது நல்ல நாய்?" என்றுதான். ரெண்டுமே நல்ல நாய்தான். உங்கள் வீட்டுக்கு எது சரிப்படும் என்பதை உங்கள் வேலி, பக்கத்துத் தோட்டத்து ஆடு கோழி, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் சொல்ல முடியும்.

முதலில் சிப்பிப்பாறை. இது கண்ணால் வேட்டையாடும் நாய். தூரத்தில் ஒன்று அசைந்து ஓடினால் போதும், பின்னாலேயே போய்விடும், அந்த நேரத்தில் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது. சொல்பேச்சுக் கேட்காத நாய் என்று அடிக்காதீர்கள், தலைமுறை தலைமுறையாக முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே வளர்த்த இனம் அது. தெற்கே விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கரிசல் காடு வெட்டவெளியாகக் கிடக்கும். நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மாந்தோப்பு, கல்கால் நட்டு முள்கம்பி இழுத்த வேலி, அதைத் தாண்டினால் ரோடு. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பிலிருந்து பெட்டை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கீரிப்பிள்ளையைத் துரத்திக்கொண்டு வேலிக்குள் பாய்ந்திருக்கிறது. விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிரிந்து தொங்குகிறது, உள்ளே சதை மேல் செம்மண் ஒட்டியிருக்கிறது, ரத்தம் பெரிதாக இல்லை, அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இனத்துக்குத் தோல் அவ்வளவு மெல்லிசு, அடியில் கொழுப்பும் கிடையாது.

கொழுப்பு இல்லாததால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த மாதிரி ஒல்லி வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள், முக்கியமாக தயோபென்டோன் போன்றவை, சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது, எழுந்திருக்க ரொம்ப நேரமாகும். கருத்தடையோ தையலோ, எந்த மருத்துவரிடம் போனாலும் இது சிப்பிப்பாறை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், விலா எலும்பு கொஞ்சம் தெரிந்தால் நாய் தேறவில்லை என்று சோற்றைக் கொட்டாதீர்கள். அதன் உடம்பு வாகே அதுதான். சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, சாப்பாட்டை ஒதுக்கினால் மட்டும் உடனே கொண்டு வாருங்கள், பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் என்று காட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒன்று. நாயை ஏவி முயல் பிடித்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வழக்கு உங்கள் மேல்தான் வரும். சிறுத்தை நடமாடும் இடத்தில் ராத்திரி வெளியே கட்டிய நாய் அதற்கு இரைதான், எந்த இனமானாலும். கதவு வைத்த கொட்டகை இல்லாமல் அங்கே நாய் வாங்கவே வேண்டாம்.

ராஜபாளையத்துக்கு வருவோம். ஆள் உள்ளே வந்தால் விடாத காவல் நாய், கொட்டாயில் தனியாக இருக்கும் குடும்பத்துக்கு நல்ல துணை. ஆனால் வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டும், மூக்கு ரோஸ் நிறமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோமே, அந்த ஆசையில்தான் எனக்குப் பெரிய கவலை. நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன, அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் கேட்கும் சக்தி போய்விடும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கூட்டத்தோடு இருக்கும்போது மற்ற குட்டிகள் எழுந்து ஓடினால் இதுவும் ஓடும். அதனால் வாங்கும் முன் குட்டியைத் தனியாக எடுத்து வந்து தூங்க விடுங்கள். அது கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் முழித்துக்கொள்ளும். காது அசையவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் சிக்காது, அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் பேயர் பரிசோதனைதான் வழி. அந்தக் குட்டி வளர்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக் கூடாது. ரெண்டு காதும் கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

நம்ம ஊரில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று. பையன் பெங்களூரில் வேலை பார்ப்பான், ஆசையாக ராஜபாளையம் குட்டி வாங்கிக் கொண்டுவந்து அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கொஞ்சுவான். வளர்ந்தால் தோள் வரை 25 அங்குலத்துக்கு மேல் நிற்கும் நாயை, மூட்டு வலியோடு இருக்கும் அம்மா எப்படிப் பிடித்து நிறுத்துவார்? இந்த இனம் ஒருத்தரைத்தான் எஜமானாக ஏற்கும், தினமும் சோறு வைத்து, நடத்திக் கூட்டிப்போய், அதட்டுகிறவர்தான் அந்த ஒருத்தர். பால்காரர், கரண்ட் பில் எடுக்க வருகிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரையும் மூன்று நான்கு மாதத்துக்குள் பழக்கிவிட வேண்டும்.

ஆக, நாட்டுக்கோழியும் ஆடும் சுற்றித் திரிகிற தோட்டமா? சிப்பிப்பாறை வேண்டாம், கூடவே வளர்ந்த கோழியை விட்டாலும் பக்கத்துத் தோட்டத்துக் கோழியை விடாது. ஆள் வரத்து அதிகமான வீடா, கடையை ஒட்டிய வீடா? ராஜபாளையம் வேண்டாம். ஆறடிக்குக் குறையாத சுற்றுச்சுவர், தினமும் காலை மாலை ஓட விட ஆள், கோழி ஆடு இல்லாத வீடு என்றால் சிப்பிப்பாறை தாராளமாக வளரும், வீட்டு ஆட்களிடம் ரொம்ப அமைதியாகவும் இருக்கும்.

எதை வாங்கினாலும் எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், தாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரவைக்கும் பார்வோ வைரஸுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அதன் பிறகு வருஷா வருஷம்.

ஓசூரில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, பகல் முழுக்க மாடியில் சங்கிலி என்றால் என்னிடம் வந்து கேட்டாலும் ரெண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.