குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா?

"ரெண்டு வயசு முடியப் போகுது, இன்னும் பேசல" என்று அம்மா தொடங்குவார். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று கூட வந்த பாட்டி முடித்து வைப்பார். பேச்சுப் பயிற்சியாளராக இந்த உரையாடலை நான் கேட்காத வாரமே இல்லை.

என் முதல் கேள்வி பேச்சைப் பற்றியது அல்ல. "காக்காவைப் பார்த்தால் விரல் நீட்டிக் காட்டுகிறானா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா?"

"இல்ல மேடம், எது வேணும்னாலும் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான்."

கையை இழுப்பது பொருளுக்காக. விரல் நீட்டி முகம் பார்ப்பது, 'நீயும் பாரேன்' என்பதற்காக. பேச்சு இதிலிருந்துதான் முளைக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒரு வயதை ஒட்டி வந்துவிடும். 18 மாதமாகியும் வரவில்லை என்றால், பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் பிள்ளைத்தமிழில் கைகொட்டும் சப்பாணிப் பருவம் வருகிறது, பிறகு நடந்து வரச் சொல்லும் வாரானை, அதற்கும் பிறகு நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. குழந்தை வளரும் வரிசையை எவ்வளவு கவனித்திருக்கிறார்கள்! நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது இருவரும் ஒன்றையே பார்க்கிறார்கள். கைப்பேசியைக் காட்டி ஊட்டினால் குழந்தை திரையை மட்டும்தான் பார்க்கும். இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதனால் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் முதலில் மாற்றச் சொல்கிறேன்.

அப்புறம், உள்ளங்கையில் பருப்பு கடைந்து, கையில் நண்டு ஊர விடும் விளையாட்டு. அக்குளுக்குப் போவதற்குச் சற்று முன் விரலை நிறுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். குழந்தை உங்களைப் பார்க்கும், அல்லது கையை இழுக்கும், அல்லது 'ம்' என்று ஒரு சத்தம் வரும். உடனே கிச்சுகிச்சு மூட்டுங்கள். நாம்தான் இடைவெளியே விடாமல் பேசிக்கொண்டே போகிறோம். குழந்தையின் முறை வருவதே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், காதைப் பரிசோதித்துவிடுங்கள். "டம்ளர் விழுந்தா திரும்புறானே" என்பார்கள். அந்தச் சத்தம் கேட்கும் குழந்தைக்கு 'ச' போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் போகலாம். தூங்கும்போதே செய்யக்கூடிய பரிசோதனை உண்டு, வலிக்காது. அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் (DEIC) இதற்கு வழிகாட்டுவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் அங்கன்வாடியில் கேளுங்கள். அப்பா எந்த வயதில் பேசியிருந்தாலும் சரி, இந்த வாரமே போய் வாருங்கள்.