‘மார்ச்’ என்னும் முனைப்புலம்

மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைகளின் வரைபடத்தில் பேரரசின் ஓரத்தைப் பார்த்தால் ‘வடக்கு மார்ச்’, ‘கிழக்கு மார்ச்’ என்று எழுதியிருக்கும். மொழிபெயர்க்கும்போது ‘அணிவகுப்பு’ என்று போட்டால் சிரிப்போடு போய்விடும். ‘எல்லை’ என்று போட்டால்தான் கதையே கெடும். எல்லை ஒரு கோடு. மார்ச் என்பது அகலமுள்ள நிலம். அங்கே குடிகள் உண்டு, வரி யாருக்கு என்ற தகராறு உண்டு, காவலுக்கென்று அமர்த்தப்பட்ட பிரபு ஒருவனும் உண்டு.

மாதப் பெயரான மார்ச் ரோமானியரின் போர்க்கடவுள் மார்ஸிடமிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் உறவில்லை. பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘மார்க்கா’ என்றால் எல்லை, எல்லையோர நிலம். விளிம்பைக் குறிக்கும் இலத்தீன் ‘மார்கோ’ இதன் உறவுச்சொல். டென்மார்க்கின் வாலில் ஒட்டியிருப்பது இதே சொல்தான். பழைய ஆங்கில அரசுகளில் ஒன்றான மெர்சியாவின் பெயருக்கும் ‘எல்லைக்காரர்கள்’ என்றே பொருள். இந்நிலத்தைக் காத்தவன் ஜெர்மனில் ‘மார்க்கிராஃப்’, ஆங்கிலத்தில் ‘மார்க்விஸ்’. பின்னாளில் அது வெறும் பட்டமாகிவிட்டது.

சொல்லுக்குள் இருப்பது ஒரு பேரம். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், அடங்காத வேல்ஸை ஒட்டி ஹெரிஃபோர்டு, ஷ்ரூஸ்பரி, செஸ்டர் ஆகிய மூன்று ஊர்களில் ஏர்ல் என்னும் பட்டம் பெற்ற மூன்று பிரபுக்களை அமர்த்தினார். மேற்கே பிடிக்கிற நிலம் உனக்கு. காவல் உன் பொறுப்பு. இதுதான் ஏற்பாடு. நாளடைவில் அங்கிருந்த பிரபுக்கள் அரசனைக் கேட்காமல் கோட்டை கட்டினார்கள், போர் தொடுத்தார்கள், சொந்த நீதிமன்றம் நடத்தினார்கள். அரசனின் ஆணையோலை அங்கே செல்லாது. ஒரு பிரபுவின் நிலத்தில் கொலை செய்தவன் அடுத்தவன் நிலத்துக்குள் ஓடினால் பிடிப்பது கடினம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536-இல் தொடங்கிய சட்டங்கள்தான் இந்தத் தனியுரிமைகளை ஒடுக்கின.

அரசன் ஏன் இவ்வளவையும் விட்டுக்கொடுக்க வேண்டும்? கணக்குப் போட்டால் தெரியும். தலைநகர் 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, குதிரைத் தூதன் நாளுக்கு 50 கிலோமீட்டர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓலை போய் மறுஓலை வர 16 நாள். எல்லை தாண்டி வந்து மாடு திருடி ஓட்டிப் போகிறவனுக்கு ஓர் இரவு போதும். போர் தொடுக்கும் உரிமை இல்லாத காவலன் அங்கே வெறும் கணக்கப்பிள்ளைதான். மிகுபுனைவு எழுதுகிறவர்கள் பலர் கோட்டையின் உயரத்தை வருணிப்பார்கள். இந்த 16 நாளை மறந்துவிடுவார்கள்.

இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லை இன்னும் சுவையானது. இரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என மும்மூன்று மார்ச்சுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் தலைவன். இரு நாட்டுக் காவல் தலைவர்களும் குறித்த நாளில் சந்தித்து வழக்குத் தீர்ப்பார்கள். அன்று சண்டை கூடாது. மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாளுக்குள் எல்லை தாண்டித் துரத்தலாம். ஆனால் ஒளிந்து போகக்கூடாது. ஈட்டி முனையில் எரியும் புற்கரணையைக் குத்தி, ஊரறியச் செல்ல வேண்டும். கொள்ளையரிடமிருந்து தப்பிக்கக் குடியானவன் கட்டிய கப்பத்துக்கு ‘பிளாக்மெயில்’ என்று பெயர். இதில் ‘மெயில்’ என்பது கடிதமன்று, வாடகை, கப்பம். எந்த அரசுக்கும் கட்டுப்படாத ‘வழக்கு நிலம்’ ஒன்றும் அங்கே இருந்தது. 1552-இல் நடுவே கரை எழுப்பி அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

பேரம் எங்கே முறியும்? ஒன்று, காவலனே கொள்ளையில் பங்கு கேட்பான். மற்றொன்று, அவன் படை அரசன் படையைவிடப் பெருத்துவிடும். வேல்ஸ் மார்ச்சின் பிரபு ரோஜர் மார்ட்டிமர், 1327-இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் எட்வர்டு அரியணை இழந்ததில் முன்னின்றவன். எல்பே ஆற்றுக்கு அப்பால் காவல் நிலமாகத் தொடங்கிய பிராண்டன்பர்க் 1701-இல் பிரஷ்ய முடியரசுக்கு அடித்தளமாயிற்று; 1871-இல் ஜெர்மனி முழுவதையும் ஆண்டது அந்த அரச குடும்பம்தான்.

இனித் தமிழ்ச்சொல். ‘எல்லைப்புறம்’ தவறில்லை, ஆனால் அதில் காவலனும் பேரமும் தெரியவில்லை. ‘பாளையம்’ நெருங்கி வருகிறது: படை வைத்துக்கொள், காவல் பார், கப்பம் கட்டு. ஆனால் மதுரை நாயக்கரின் பாளையங்கள் நாட்டுக்குள்ளேயே பரவிக் கிடந்தன. ஓரத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

சரியான சொல் ‘முனை’. பழந்தமிழில் அதற்குப் போர்முனை, பகைவர் நிலத்தை ஒட்டிய இடம் என்ற பொருள்கள் உண்டு. ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’ என்று தொல்காப்பியம் வெட்சிக்கு இலக்கணம் சொல்கிறது. வேந்தன் ஏவிய முனைஞர், அயல் நிலம் புகுந்து, களவில் மாடு கவர்ந்து வருகிறார்கள். ஸ்காட்லாந்து எல்லைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா? அப்பரும் சுந்தரரும் பிறந்தது திருமுனைப்பாடி நாடு. பாடி என்றால் படைவீடு. அந்நாட்டை ஆண்டவர் நரசிங்க முனையரையர். மார்க்கிராஃபுக்கு ‘முனையரையன்’ என்ற பட்டம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

மார்ச்சுக்கு அப்பால் உள்ள அடங்கா நிலத்துக்கும் சொல் தேடி அலைய வேண்டாம். ‘வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு’ என்கிறது 735-ஆம் குறள். வேந்தனை அலைக்கழிக்கும் குறுநில அரண்காரர்களே அங்கே குறும்பு. இன்று அந்தச் சொல் பிள்ளைகளின் சேட்டையாகச் சுருங்கிவிட்டதால், கதையில் ‘குறும்பர் நிலம்’ என்று விரித்து எழுதலாம். குறும்பர் என்ற பெயரில் இன்றும் மக்கள் வாழ்வதால், அவர்களைக் குறிப்பதாகத் தோன்றினால் ‘அடங்காப்புலம்’ போதும்.

பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. ‘வடக்கு மார்ச்’சை ‘வடமுனை’ என்று சுருக்கினால் பனிக்கரடி உலவும் துருவம் நினைவுக்கு வரும். ‘வடமுனைப்புலம்’ என்று முழுதாக எழுதுக. காவலனை ‘முனையர்’ என்று வெட்டினால், அடுத்த அச்சுப்பிழையில் அவர் முனைவர் பட்டம் வாங்கிவிடுவார்.